மணி அடிச்சாச்சு... எதுக்கு?

சிட்னியின் மேற்குப் பக்கம் நம்ம ஆட்கள் ஜாஸ்தி. வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் என்று எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் தமிழ்க் குரல் ஒன்று காதில் விழும். 2023-ல் என் சித்தப்பா மகன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். "அண்ணே, இவ்வளவு தூரம் வந்துட்டு ஃபுட்டி பார்க்காமப் போனா எப்படி?" என்று பரமட்டா மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனான்.

சிட்னிக்காரர் ஃபுட்டி என்றால் ரக்பி லீக். எனக்குப் பக்கத்து சீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். நீலமும் மஞ்சளுமாக பரமட்டா சட்டை. அவரோடு எட்டு வயதுப் பேரன், அதே சட்டையில். ஆட்டம் அனல் பறக்கிறது. திடீரென்று ஒரு மணிச் சத்தம். நடுவர் கையை ஆட்டுகிறார். ஆட்டம் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது.

"தாத்தா, மணி எதுக்கு அடிச்சாங்க?"

"அந்த டீம் ஏதோ தப்பு பண்ணிட்டான்."

"என்ன தப்பு?"

"தெரியலைப்பா."

"யாரு பண்ணினது?"

"அதுவும் தெரியலை."

பெரியவர் என் பக்கம் திரும்பி அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "என் அப்பா என்னை இதே இடத்துக்குக் கூட்டிக்கிட்டு வந்தப்போ, நான் கேட்ட அத்தனை கேள்விக்கும் பதில் சொன்னார். இப்போ என்னால முடியலை" என்றார்.

எனக்கு அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்பதுகூட மறந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. அறுபது வருடம் ஒரு ஆட்டத்தைப் பார்த்தவரை, எட்டு வயதுப் பையன் முன்னால் 'தெரியலை' என்று சொல்ல வைத்தது யார்? அதுதான் இந்த வாரம் என் கோபம்.

*

ரக்பி லீக் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். கபடி தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி. அணிக்கு 13 பேர். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரணியின் எல்லையை நோக்கி ஓட வேண்டும். எதிரணி ஆளைக் கட்டிப்பிடித்துக் கீழே சாய்க்கும். இதுதான் டாக்கிள். விழுந்தவன் எழுந்து, பந்தைக் கீழே வைத்து, காலால் பின்னால் உருட்டிவிடுவான். மறுபடி ஓட்டம், மறுபடி டாக்கிள். இப்படி ஆறு சான்ஸ். ஆறாவது டாக்கிளிலும் வேலை முடியவில்லை என்றால் பந்து அடுத்த அணிக்கு. அவ்வளவுதான் ஆட்டம்.

இதில் ஒரு கள்ளத்தனம் உண்டு. கீழே விழுந்தவன் மேலேயே படுத்துக்கொண்டு, எழுந்திருக்க விடாமல் இரண்டு மூன்று விநாடியை விழுங்குவது. அந்த இரண்டு விநாடியில் தடுக்கிற அணி வரிசையாக நின்றுகொள்ளும். அப்புறம் உடைப்பது கஷ்டம். அதனால் அது குற்றம். அந்தக் காலத்துத் தண்டனை பெனால்டி. விசில் அடிக்கும், ஆட்டம் நிற்கும், நடுவர் சைகை காட்டுவார், யார் என்ன தப்பு செய்தான் என்று மைதானம் முழுக்கத் தெரியும். பாதிக்கப்பட்ட அணி பந்தை முப்பது, நாற்பது மீட்டர் முன்னால் உதைத்து வெளியே தள்ளி, அங்கிருந்து புதிதாக ஆறு சான்ஸ் ஆரம்பிக்கலாம். அல்லது கோல் உதைத்து 2 பாயின்ட் எடுக்கலாம். பின்னால் உட்கார்ந்திருக்கிற தாத்தாவுக்கும் பேரனுக்கும் பேச விஷயம் கிடைக்கும்.

2020 மே மாதம் இது மாறியது. கொரோனாவால் மார்ச்சில் இரண்டு சுற்றோடு நின்றுபோன ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். போட்டி, மே 28-ம் தேதி மறுபடி தொடங்கியபோது புது விதியோடு தொடங்கியது. மேலே படுத்துக்கொள்கிற அந்தக் குற்றத்துக்கு இனி பெனால்டி கிடையாது. அதற்குப் பதில் 'சிக்ஸ் அகெய்ன்'. மணி அடிக்கும். டாக்கிள் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆட்டம் நிற்காது. கூடவே, 2009 முதல் இரண்டு நடுவர்கள் இருந்த இடத்தில் ஒருவரே போதும் என்றும் முடிவு. நடுவர்கள் சங்கம் கொதித்துப்போய் ஃபேர் வொர்க் கமிஷன் வரை போனது. ரசிகனுக்குப் போவதற்கு எந்தக் கமிஷனும் இல்லை.

ஒரு நிமிஷம். நான் பி.காம். படித்தவன். முதல் வருடத்திலேயே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்: கணக்கு எழுதுகிற முறையை வருடத்தின் நடுவில் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. மாற்றினால் லாபமும் நஷ்டமும் ஒப்பிட முடியாமல் போகும். சின்ன மளிகைக் கடைக்கே இந்த நியாயம். இங்கே என்ன நடந்தது? முதல் இரண்டு சுற்று பழைய விதியில், மீதி எல்லாம் புது விதியில். ஆனால் புள்ளிப் பட்டியல் ஒன்றே ஒன்று! எங்கள் காலேஜ் அக்கவுன்டன்சி வாத்தியார் பார்த்திருந்தால் பேப்பரை முகத்தில் விட்டெறிந்திருப்பார்.

'கொரோனா காலம், அவசரம், டி.வி. ஒப்பந்தத்தை மறுபடி பேசிக்கொண்டிருந்த நேரம், பரபரப்பு தேவைப்பட்டது' என்று சமாதானம் சொல்லலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆரம்பத்தில் ஆட்டம் வேகமாக இருந்ததும் உண்மை, பலர் ரசித்ததும் உண்மை. ஆணையத்தின் தலைவர் பீட்டர் வேலாண்டிஸ் குதிரைப் பந்தய நிர்வாகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். வேகத்தின் மார்க்கெட் மதிப்பு அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆனால் வேகத்துக்கு ஆசைப்பட்டவர்கள் விலையைக் கணக்குப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

*

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சிக்னலைத் தாண்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்றால் நீங்கள் நிற்பீர்கள். பத்து ரூபாய் என்றால்? அவசரம் இருக்கிற அன்றைக்கெல்லாம் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பீர்கள். அபராதம் அத்தனை சின்னதாக இருந்தால் அது அபராதம் இல்லை சார், கட்டணம்!

சிக்ஸ் அகெய்னில் நடந்தது இதுதான். எதிரணி தன் எல்லைக்குப் பக்கத்திலிருந்து முதல் டாக்கிளில் கிளம்புகிறது. அப்போது நான் மேலே படுத்துக்கொண்டு குற்றம் செய்கிறேன். தண்டனை என்ன? கணக்கு மறுபடி பூஜ்யம். அதாவது அவர்களுக்கு லாபம் ஒரே ஒரு டாக்கிள். எனக்கு லாபம்? என் தடுப்பு வரிசை மொத்தமும் மூச்சு வாங்கி நின்றுகொள்ளும். பழைய விதியில் இதே குற்றத்துக்கு முப்பது நாற்பது மீட்டர் போயிருக்கும். கோச்சுகள் என்ன முட்டாள்களா? கால்குலேட்டரைத் தட்டினார்கள். 'முதல் டாக்கிளிலேயே தப்பு செய், பரவாயில்லை' என்கிற தந்திரம் பிறந்தது. கள்ளத்தனத்தை ஒழிக்க வந்த விதி, கள்ளத்தனத்தைத் தள்ளுபடி விலையில் விற்றது.

2021-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தடுக்கிற அணி பத்து மீட்டர் பின்னால் நிற்க வேண்டும் என்பது விதி. அதை மீறினாலும் இனி பெனால்டி இல்லை, மணிதான் என்றார்கள். கூடவே 40 மீட்டருக்கு அப்பாலிருந்து ஃபீல்டு கோல் அடித்தால் ஒன்றுக்குப் பதில் 2 பாயின்ட். பாத்திரம் வாங்கினால் டம்ளர் இலவசம் என்கிற மாதிரி!

விளைவு? விசில் இல்லாததால் மூச்சு விட நேரம் இல்லை. ஒரு அணி அடி வாங்கத் தொடங்கினால் நிறுத்தி நிதானிக்க வழியே கிடையாது. ஒரு மணி, அடுத்த மணி, களைத்துப்போன தடுப்பு, ட்ரை. மறுபடி அதே கதை. பலசாலி இன்னும் பலசாலி ஆனான், நோஞ்சான் நொறுங்கினான். அந்த ஒரு சீசனில் மெல்பர்ன் ஸ்டார்ம் அணி தொடர்ச்சியாக 19 ஆட்டம் ஜெயித்து, 1975-ல் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் செய்த சாதனையை எட்டிப் பிடித்தது. இன்னொரு கோடியில் கேன்டர்பரி புல்டாக்ஸ் 24 ஆட்டத்தில் 3 ஜெயித்தது. ஸ்டார்மின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாதி ஆட்டத்திலேயே முடிவு தெரிந்துவிட்டால், மீதி நாற்பது நிமிஷம் எதற்குப் பார்ப்பது? பரபரப்புக்காகக் கொண்டுவந்த விதி, பரபரப்பின் கழுத்தையே நெரித்தது.

2022 சீசனுக்கு முன்னால் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றார்கள். பந்து வைத்திருக்கிற அணி தன் 40 மீட்டர் கோட்டுக்குள் இருந்தால், இந்தக் குற்றங்களுக்கு மறுபடி முழு பெனால்டி என்றார்கள். அதாவது மேலே நான் சொன்ன ஓட்டையை அடைத்தார்கள். நல்லது. ஆனால் இதைக் கண்டுபிடிக்க இரண்டு முழு சீசன் எதற்கு? அந்த இரண்டு சீசனுக்குக் காசு கொடுத்தவர்கள் யார்? பரிசோதனைக் கூடத்து எலிக்குக்கூட சாப்பாடு போடுவார்கள். இங்கே எலியே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது!

*

'என்னய்யா, விதி மாறவே கூடாதா? கல்வெட்டா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ரக்பி லீக் பிறந்ததே விதியை எதிர்த்துத்தான். 1895 ஆகஸ்ட் 29-ம் தேதி, இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்தி கிளப்புகள் கூடி ரக்பி யூனியனிலிருந்து பிரிந்தன. காரணம் கூலி. சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்த ஆட்டக்காரர்கள், ஆட்டத்துக்காக இழக்கிற வேலைக்கு ஈடாக ஒரு நாளைக்கு ஆறு ஷில்லிங் கேட்டார்கள். கனவான்கள் மாட்டேன் என்றார்கள். பிரிந்து வந்தவர்கள் 1897-ல் லைன்-அவுட்டைத் தூக்கினார்கள். 1906-ல் பதினைந்து பேரைப் பதிமூன்று ஆக்கினார்கள். எல்லாம் ஆட்டம் திறந்துகொள்ள, பார்க்கிறவனுக்குப் பிடிக்க.

இன்னும் கேளுங்கள். முன்பெல்லாம் ஆறு டாக்கிள் கணக்கே கிடையாது. பந்து கையில் இருக்கிறவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓடலாம். சிட்னியில் செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை பதினோரு வருடம் தொடர்ந்து சாம்பியன். ஒரே அணி பந்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மற்றவன் என்ன செய்வான்? 1967-ல் நான்கு டாக்கிள் என்று வரம்பு வைத்தார்கள். நான்கு போதவில்லை, ஆட்டம் பதற்றமானது. 1971-ல் ஆறு ஆக்கினார்கள். 1983-ல் ட்ரைக்கு 3 பாயின்ட் 4 ஆனது. 1993-ல் தடுக்கிற அணி நிற்கிற தூரம் 5 மீட்டரிலிருந்து 10 ஆனது.

இதையெல்லாம் நான் எதிர்க்கவில்லை. நோயைப் பார்த்து மருந்து கொடுப்பது வேறு. மருந்துக் கடையில் புதுசாக வந்திருக்கிறதே என்று கொடுப்பது வேறு. நான்கு வருடம் பார்த்து நான்கை ஆறாக்கியவர்களுக்கும், மே மாதத்தில் முடிவெடுத்து மே மாதத்திலேயே மைதானத்தில் இறக்கியவர்களுக்கும் வித்தியாசம் இல்லையா?

சில மாற்றங்களைக் கட்டாயம் செய்தே ஆக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைக் காயம் விளையாட்டு விஷயம் இல்லை. கேன்டர்பரியின் பழைய ஆட்டக்காரரும் கோச்சுமான ஸ்டீவ் ஃபோக்ஸ் 2018-ல் இறந்தார். அவர் மூளையைச் சோதித்தபோது, அடி மேல் அடி வாங்கியதால் வருகிற சி.டி.இ. நோய் இருந்தது தெரிந்தது. கழுத்துக்கு மேலே கை வைத்தால் வெளியே அனுப்பு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் அந்த நல்ல காரியத்தையும் எப்படிச் செய்தார்கள்? 2021 மே மாதம், சீசன் நடுவில், எல்லா அணியும் பிரிஸ்பேனில் கூடுகிற மேஜிக் ரவுண்டில் திடீர்க் கெடுபிடி. ஒரே வார இறுதியில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் பத்து நிமிஷ தண்டனைக்கு வெளியே போய் உட்கார்ந்தார்கள். முந்தின வாரம் வரை அதே டாக்கிளுக்குப் பெனால்டியோடு விட்டவர்கள்! கெடுபிடியை சீசன் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டுச் செய்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்?

இங்கிலாந்தில் கதை இன்னும் ஒரு படி மேலே. லண்டன் பிரான்கோஸ் அணி 2023-ல் இரண்டாம் டிவிஷனில் போராடி, இறுதி ஆட்டத்தையும் ஜெயித்து, சூப்பர் லீகுக்கு முன்னேறியது. சந்தோஷப்பட முடிந்ததா? அதற்குள் புது விதி தயார். இனிமேல் மேல் டிவிஷனில் யார் என்பதை மார்க் போட்டு முடிவு செய்வார்கள். ஆட்டத்துக்குக் கொஞ்சம் மார்க். மீதி நிதிநிலை, மைதானம், ரசிகர் எண்ணிக்கை இத்யாதி. தற்காலிக மார்க் பட்டியலில் லண்டனுக்கு 24-வது இடம். 2024 சீசனில் எப்படி ஆடினாலும் வெளியேற வேண்டியதுதான் என்று, முதல் பந்தை உதைக்கும் முன்பே தெரிந்துவிட்டது! பேலன்ஸ் ஷீட் பார்க்கிற தொழிலுக்குப் படித்தவன் நான். நானே சொல்கிறேன், பேலன்ஸ் ஷீட்டுக்குக் கைதட்ட யாரும் மழையில் நனைந்துகொண்டு மைதானத்துக்கு வர மாட்டார்கள்.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஐ.பி.எல்.லில் 2023-ல் வந்த 'இம்பாக்ட் பிளேயர்' விதி எந்த ரகம்? பதினோரு பேர் ஆட்டத்தில் பன்னிரண்டாவது ஆள். கூடுதலாக ஒரு பேட்ஸ்மேன் கையில் இருந்தால் விக்கெட்டுக்கு யார் பயப்படுவான்? 2013-ல் பெங்களூர் அடித்த 263 கிட்டத்தட்ட பதினோரு வருடம் அசையாமல் இருந்தது. 2024-ல் ஹைதராபாத் ஒரே சீசனில் 277, அப்புறம் 287 என்று தூக்கிப் போட்டுவிட்டுப் போனது. ஆல்ரவுண்டர்கள் வளர மாட்டார்கள் என்று ரோஹித் சர்மாவே வாய்விட்டுச் சொன்னார். உங்களிடமோ என்னிடமோ யாராவது கேட்டார்களா?

*

'ரசிகன் கத்தி என்ன ஆகப்போகிறது?' என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அதே சிட்னியில் ஆகியிருக்கிறது. 1908-ல் போட்டி தொடங்கிய நாளிலிருந்து ஆடிய சவுத் சிட்னி அணியை, 1999 சீசன் முடிந்ததும் 'பதினாலு டீம் போதும்' என்று வெளியே தள்ளினார்கள். ரசிகர்கள் வீட்டில் உட்கார்ந்து புலம்பவில்லை. பல்லாயிரக்கணக்கில் சிட்னி தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். கிளப் கோர்ட்டுக்குப் போனது. 2001-ல் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, 2002-ல் அணி திரும்பி வந்தது. 2014-ல் சாம்பியனும் ஆனது. 'இந்த டீம் வேண்டாம்' என்று நிர்வாகம் போட்ட கணக்கு தப்பு என்று பன்னிரண்டு வருடத்தில் நிரூபணம்.

அதனால் கேட்கலாம். கேட்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை. சீசன் நடுவில் விதியைத் தொடாதே. புது விதியை முதலில் நியூ சவுத் வேல்ஸ் கப், குயின்ஸ்லாந்து கப் மாதிரியான அடுத்த நிலைப் போட்டிகளில் ஒரு முழு சீசன் ஓட்டிப் பார். வந்த எண்ணிக்கைகளை ஒளிக்காமல் வெளியிடு. விதிக் குழுவில் டிக்கெட் வாங்கி வருகிறவர்களின் பிரதிநிதி ஒருவரை உட்கார வை. மணி அடித்தால், யார் என்ன தப்பு செய்தான் என்று ஸ்கோர் போர்டில் அந்த நிமிஷமே போடு. கரன்ட் பில்லிலேயே எதற்கு எவ்வளவு என்று விவரம் இருக்கிறது. ஆட்டத்தின் தலையெழுத்தை மாற்றுகிற மணிக்கு ஒரு வரி காரணம் சொல்ல முடியாதா?

ஆட்டம் நிர்வாகத்துடையது இல்லை, டி.வி.க்காரர்களுடையதும் இல்லை. அவர்கள் ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுவார்கள். அப்பா பிள்ளைக்கும், பிள்ளை பேரனுக்கும் சொல்லிக் கொடுத்துத்தான் ஒரு ஆட்டம் நூறு வருடம் நிற்கிறது. சொல்லிக் கொடுக்க முடியாத அளவுக்கு விதியை வருடா வருடம் குலுக்கினால், அறுந்துபோவது அந்தச் சங்கிலிதான். அதற்குப் புது ஒப்பந்தம் போட எந்தக் கம்பெனியும் வராது.

அன்றைக்கு ஆட்டம் முடிந்து எழுந்தபோது அந்தப் பையன் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான். "தாத்தா, மொத்தம் எத்தனை தடவை மணி அடிச்சுது?"

"எண்ணலைப்பா" என்றார் பெரியவர்.

"நான் எண்ணினேன்" என்றான் அவன். எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு ஏன் என்றும் தெரியட்டுமே ஐயா!